கண்டுபிடித்தவர் எந்த நாட்டவர்?

1

ஒரு சட்டத்தரணியின் முன்னால் மூன்று மணித்தியாலம் இருந்து பதில் சொன்ன அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ தெரியாது. எனக்கு இந்த வருடப் பனிக்காலத்தில் அது வாய்த்தது. நான் ஒருவரையும் ஏமாற்றவில்லை, பக்கத்துக் காணிக்காரரின் வேலியைத் தள்ளிப் போடவுமில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுதான் என்மேல் இருந்த குற்றச்சாட்டு.

ரொறன்ரோவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வவுனியாவில் இருக்கும் என் அக்காகூட, "தங்கச்சி கொம்பியூட்டர் கடையில நிக்கிறாள்" என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் நிற்பது கடையில் இல்லை. நாங்கள் செய்வது ஒரு விசேஷமான சிப். சாதாரண சிப்பைத் தொழிற்சாலையில் என்ன வேலைக்குச் செய்தார்களோ, ஆயுள் முழுக்க அது அந்த வேலையைத்தான் செய்யும். எங்களுடையது பிறக்கும்போது வெறுமையாகப் பிறக்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன உறுப்புகள், அவற்றுக்கிடையில் தலைமயிரிலும் மெல்லிய பாதைகள். எந்தப் பாதை எதனோடு சேரவேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அது அந்த வேலையைச் செய்யும். நாளைக்கு வேறுமாதிரி எழுதிக் கொடுத்தால் வேறு வேலை. நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். இன்னும் ஒவ்வொரு முறையும் அது சொன்ன சொல் கேட்கும்போது எனக்குத் துள்ளவேண்டும் போலத்தான் இருக்கிறது.

சட்டத்தரணி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது அவருடைய தொழில். என் பக்கத்தில் மேலாளர் பீற்றர் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். இரண்டு மணித்தியாலம் சிப்பைப் பற்றிக் குடைந்தெடுத்த பிறகு, சட்டத்தரணி புதிய தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"இந்த யோசனை முதலில் எப்போது வந்தது? எங்கே? அப்போது உங்களோடு யார் இருந்தார்கள்?"

போன இலையுதிர் காலத்தில், என் மேசையில், தனியாக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"தொண்ணூற்றொன்றில். மல்லாவிக்குப் பக்கத்தில், ஒரு மிளகாய்த் தோட்டத்தில். யோசித்தது நான் இல்லை."

சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்தார். பீற்றர் கோப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

2

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லவேண்டும். பிழையில்லாமல் இந்தக் கதை இல்லை.

நிலத்துக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கைக்கருவி வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அவர் தந்த தாளில் மூன்று வேலைகள் இருந்தன. குழாயின் சத்தத்தைக் கேட்டு அளப்பது ஒன்று. அளந்ததைத் திரையில் கீறிக் காட்டுவது இரண்டாவது. தொலைபேசி வழியாகக் கந்தோருக்கு அனுப்புவது மூன்றாவது. என்னிடம் தந்தார்கள். ஒரு மாதம் இருந்து செய்து, என் வரைபடத்தை எல்லோர் முன்னாலும் விரித்தேன்.

பீற்றர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அளக்கிற பகுதி இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே?"

"இது முடிந்தபிறகு அடுத்தது வரும். அதே இடத்தில்."

"அதே இடத்தில் என்றால்?"

"அளந்து முடிந்தால்தானே கீறலாம். கீறி முடிந்தால்தானே அனுப்பலாம். ஒரு சின்னச் சிப் போதும். வேலைக்கு வேலை அதன் உள்பாதைகளை மாற்றிவிடலாம்."

பீற்றர் மெதுவாகச் சொன்னார். "மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஓடும் பெரிய சிப்பைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம்."

"அப்படித் தாளில் எழுதவில்லையே."

"வேறுமாதிரி நினைக்க ஒருவரும் இல்லை என்றுதான் எழுதவில்லை."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையாகவே அது எனக்குத் தோன்றவில்லை! வேண்டிய மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைக்கும் பழக்கம் இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு ஒட்டவில்லை. இங்கே வீட்டில் தொலைக்காட்சி ஓடும், உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓடும், எல்லா அறையிலும் லைற் எரியும். நான் பின்னால் போய் ஒவ்வொன்றாக நூர்த்துக்கொண்டு வருவேன். ஏழு வயது மகள் மெலனி இங்கிலிசில் என்னைத் திட்டுவாள். நான் தமிழில் அவளைத் திட்டுவேன். இருவரும் மற்றவர் சொல்வதில் பாதியை விளங்காத மாதிரி நடிப்போம். அந்தப் பழக்கத்தோடுதான் சிப்பையும் செய்திருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பீற்றர் என் மேசைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"பாதைகளை மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கண் வெட்டுகிற நேரம்கூட இல்லை."

"அப்படியென்றால் சிப் மூன்றில் ஒரு பங்கு. பற்றரி பாதி. கருவி சட்டைப் பைக்குள் போகும்." அவருடைய காது நுனி சிவந்திருந்தது. சந்தோஷம் வந்தால் அவருக்கு அது நடக்கும். "வாடிக்கையாளரோடு நான் கதைக்கிறேன். நீ செய்."

செய்தேன், வேலை செய்யவில்லை. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும்போது சிப் அதுவரை அளந்ததை எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு கிழமை ஏழு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒரு வியாழக்கிழமை, நான் முழுவதையும் மாற்றுவதை விட்டேன். இரண்டு வேலைக்கும் பொதுவான பாதைகளை அப்படியே இருக்கவிட்டு, வித்தியாசமான பாதைகளை மட்டும் மாற்றினேன். அதிலும், அளந்த கணக்கு ஓடுகிற இடத்தில், புதிய பாதையைத் திறந்த பிறகுதான் பழையதை மூடினேன். கணக்கு அப்படியே இருந்தது. நான் எழும்பிய வேகத்தில் கதிரை உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள், கை தட்டினார்கள், பீற்றருக்குக் காது முழுக்கச் சிவந்தது.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. சட்டத்தரணி கேட்டபோதுதான் விளங்கியது.

3

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது, முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்துகொண்டிருந்த எங்கள் குடும்பம் வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு உள்ளுக்கு வந்தது. மல்லாவிக்குப் பக்கத்தில் மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் தன் காணி மூலையில் கொட்டில் போட இடம் தந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. கணிதத்தில் உயர்தரம் எழுதிவிட்டு, வரவே வராத பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே காணியின் மற்ற மூலையில் தெய்வானையின் குடும்பம் இருந்தது. அவளுக்கும் என் வயது. மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துக் கலைக்க, தாயும் தகப்பனும் ஆறு வயதுப் பிள்ளையோடு வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். மிளகாய்த் தோட்டத்தில் அவளுடைய வேலை தண்ணி மாறுவது. கிணற்றிலிருந்து மோட்டர் இறைக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும். மண்வெட்டியோடு நின்று அதைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடவேண்டும். பார்க்க இலேசான வேலை. நான் ஒருநாள் செய்துபார்த்து மூன்று பாத்தியை உடைத்தேன்.

கரண்ட் இல்லை. பற்றரியும் ஈயமும் வன்னிக்குள் வர இராணுவம் விடவில்லை. தோட்டக்காரரிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மோட்டரும், அதனால் சார்ஜ் ஏறுகிற ஒரு ட்ராக்டர் பற்றரியும் இருந்தன. என்னிடம் செத்த ரேடியோக்களிலிருந்து கழற்றிய நாலு ட்ரான்சிஸ்டர் இருந்தது. ஒட்ட ஈயம் இல்லாதபடியால் ஒரு முதிரைப் பலகையில் வரிசையாக ஆணி அறைந்து, ஆணிக்கு ஆணி கம்பி சுற்றினேன். அந்தப் பலகை மூன்று வேலை செய்தது. காலையில் அது கிணற்று மணி. தண்ணீர் அடிக்குப் போனால் அடிக்கும், உடனே ஓடிப்போய் மோட்டரை நிற்பாட்டவேண்டும். இல்லாவிட்டால் மோட்டர் வெறுங்காற்றை இழுத்துச் சூடேறிச் செத்துவிடும். மத்தியானம் அது ஒலிபெருக்கி. நிவாரணம் எப்போது, எங்கே என்று அறிவிக்க. பின்னேரம் செய்தி கேட்க ரேடியோ. வேலைக்கு வேலை நான் பத்தொன்பது கம்பியையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவேன். எனக்கு அது பெரிய பெருமை.

ஒருநாள் மத்தியானம், மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிவாரண அறிவிப்புக்கு அவசரப்படுத்தினார்கள். பற்றரியைக் கழற்றிப் பூட்ட நேரமில்லை என்று கழற்றாமலே கம்பிகளை அவிழ்த்தேன். ஒரு பொறி, கொஞ்சம் புகை. நாலு ட்ரான்சிஸ்டரில் ஒன்று முடிந்தது. மணியும் நின்றது. தெய்வானைதான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டரை நிற்பாட்டினாள். அதில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னடி பண்ணின?"

"ஒண்டும் செய்யேல்லை. கம்பியை மாத்தினனான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் மாத்தாமல் வேலையை எப்பிடி மாத்துறது?"

அவள் பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும். இவளுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் நினைத்தேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

"தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "பத்தொன்பது கம்பியில பதினொண்ணு அவுக்கிற, அப்புறம் அதே ஆணியில கொண்டுபோய்த் திரும்பக் கட்டுற. எதுக்கு? நான் பாத்தி மாறுறப்போ வாய்க்காலையுமா வெட்டிப்போட்டுத் திரும்ப வெட்டுறேன்?"

நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று சரியாக இருந்தது.

"மத்த எட்டையாவது மாத்தத்தானே வேணும்."

"மாத்து. ஆனா புதுசோட வாயைத் தொறந்துட்டு அப்புறமா பழசோட வாயை அடை. நீ மொதல்லயே அடைச்சுப்புடுற. வர்ற தண்ணி எங்கடி போகும்? வரம்பை உடைச்சுக்கிட்டுத்தான் போகும்."

புத்தகத்தில் மின்சாரம் படித்தவள் நான். அவள் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எரிந்துபோன ட்ரான்சிஸ்டர் ஏன் எரிந்தது என்பதற்கு அதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கே அவள் பொதுவான பதினொரு கம்பிக்கும் சிவப்புச் சீலைத் துண்டு கட்டினாள். அவற்றை ஒருவரும் தொடக்கூடாது. மற்ற எட்டுக்கும் எது முன், எது பின் என்று இருவரும் பாத்திக் கரையில் இருந்து சண்டை பிடித்துப் பிடித்து ஒழுங்கு போட்டோம். மீதி மூன்று ட்ரான்சிஸ்டரோடு, நான் தொண்ணூற்றிரண்டில் புறப்படும்வரை, மோட்டர் ஓட ஓட, பற்றரியைக் கழற்றாமலே, அந்தப் பலகை வேலை மாறியது. அதன் பிறகு ஒன்றுகூட எரியவில்லை.

4

இதையெல்லாம் சட்டத்தரணிக்கு விளங்கப்படுத்தவேண்டுமே! பதற்றம் வந்தால் எனக்கு இங்கிலிஸ் கையை விட்டுப் போய்விடும். தமிழை அப்படியே இங்கிலிசாக்கி, "முதலில் புதிய வாயைத் திறக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் பழைய வாயை மூடவேண்டும்" என்றேன். அவர் தன்னை வாயை மூடச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழும்பிப்போய்ச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் கிணறும் வாய்க்காலும் மிளகாய்ப் பாத்தியும் கீறினேன். பக்கத்தில் என் சிப்பைக் கீறினேன். இரண்டும் அச்சொட்டாக ஒரே படம். பீற்றர் எழும்பி வந்து கிட்ட நின்று பார்த்தார்.

"அந்த ஆணிப் பலகையை ஊரில் எல்லோரும் பார்த்தார்களா?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"நிவாரணத்துக்கு வந்த எல்லோரும் பார்த்தார்கள்."

"எங்காவது அச்சில் வந்ததா?"

"அங்கே அச்சடிக்கத் தாளே இல்லை."

அவர் தலையாட்டினார். சட்டத்தை எனக்கு மெதுவாகச் சொன்னார். நாங்கள் விண்ணப்பிப்பது அமெரிக்காவில். வேறு நாட்டில் கையால் செய்து, அச்சில் வராத வேலை அங்கே கணக்கில் வராது. அதனால் விண்ணப்பத்துக்குப் பங்கமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பார்த்தது கணக்கில் வராதாம்!

"ஆனால் யோசித்த ஆள் கணக்கில் வருவார்" என்று அவர் தொடர்ந்தார். "அவர் எங்கே இருந்தாலும் வருவார். எங்கள் விண்ணப்பத்தின் முதல் கோரிக்கையே பொதுவானதைத் தொடாமல், திறந்தபின் மூடுவதுதான். அது அவருடையது என்றால் அவர் கண்டுபிடித்தவர். அவருடைய பெயர் வேண்டும், கையெழுத்தும் வேண்டும்."

"எங்கே இருக்கிறார் இப்போது?" என்று பீற்றர் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் இரண்டு வருடம் கடிதம் போட்டேன். பிறகு படிப்பு, கலியாணம், பிள்ளை, வேலை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியிலிருந்து சனம் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் குவிந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்துக்குள் அவள் எங்கே என்று நான் தேடவில்லை.

பீற்றர் நல்ல மனிதர், ஆனால் நாட்காட்டியும் பார்ப்பவர். கருவியைக் கண்காட்சியில் வைப்பதற்கு முன் விண்ணப்பம் போகவேண்டும். "ஆறு கிழமை தருகிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உன் பெயரோடு அனுப்ப வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்போம்."

வேறு வழி இருக்கக்கூடாது என்று அந்த நிமிடமே நேர்ந்துகொண்டேன். என் பெயர் மட்டும் போனால் ஊரில் எல்லோரும் கை தட்டுவார்கள், உண்மை தெரிந்த ஒரேயொருத்திக்கு அது தெரியவே வராது. களவு என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியாது.

5

வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா தொலைபேசிக் கடையில் வந்து நின்றா.

"தெய்வானையோ? எந்தத் தெய்வானை?"

"தண்ணி மாறுற தெய்வானை, அக்கா. எங்கட கொட்டிலுக்கு எதிர்ப்பக்கம்."

"ஓம் ஓம், உன்னைப் பேசிப் பேசியே பலகையைத் திருத்தினவள். அவளுக்கு என்னடி?"

"அவளின்ர கையெழுத்து வேணும். கண்டுபிடிப்புக்கு."

"என்ன கண்டுபிடிச்சவள்?"

சொன்னேன். "அப்ப நீ என்ன செய்தனி?" என்று அக்கா கேட்டா. எங்கள் குடும்பத்தில் பாராட்டு இப்படித்தான் வரும்.

அவள் இன்னும் மல்லாவிப் பக்கம்தான் இருக்கிறாள் என்று அக்கா விசாரித்துச் சொன்னா. தெய்வானையை வவுனியாவுக்குக் கூப்பிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா சிரித்தா. வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அவளிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை. மலையகத் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவள் தகப்பன் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவராம். பதில் வருமுன் அடித்துக் கலைத்துவிட்டார்கள். இலங்கைப் பிரஜைகள் பட்டியலிலும் பெயர் இல்லை. வன்னிக்கு வந்தபிறகு, ஊர்ப் பதிவு பார்க்கிற ஒவ்வொரு விதானையாரும் "முந்தின தாள் கொண்டுவாங்கோ" என்றே திருப்பி அனுப்பினார்கள். அதே காணியில் இரண்டு வருடம் இருந்த எனக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாள் என்று கேட்டபோது, "படிச்சது போதும்" என்றுதான் சொன்னாள். சாதாரணதரப் பரீட்சைக்குப் போகவும் அடையாள அட்டை வேண்டும் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே படிவம்தான் அவளிடம் போகவேண்டும். எங்கள் பங்குத்தந்தை ஒருவருக்கு வன்னிக்குள் போய்வர அனுமதி இருந்தது. அக்கா படிவத்தை அவரிடம் ஒப்படைத்தா. கோரிக்கைகளை நான் தமிழில் எழுதி, சிப்பின் படத்தையும் பாத்தியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கீறி வைத்தேன். வாசித்து, தன் யோசனைதானா என்று பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன்.

முதல் கிழமை போனது. இரண்டாவது, மூன்றாவது கிழமையும் போனது. காலையில் பஸ்ஸில் போகும்போது, தண்ணீர்க் குழாய் புதைக்க வீதியைக் கிண்டும் இடங்களை எல்லாம் எட்டிப் பார்ப்பேன். எங்கள் கருவி ஒருநாள் இந்த ஆட்களின் கையில் இருக்கும் என்ற நினைப்பில் சிரிப்பு வரும். அடுத்த நிமிடம் மிச்ச நாட்களை விரலில் எண்ணுவேன். மெலனி ஒருநாள் என் மேசையில் இருந்த பாத்திப் படத்தைப் பார்த்தாள். இதை யோசித்தவர் ஊரில் ஒரு அன்ரி என்று நான் சொன்னதும் இங்கிலிசில் கேட்டாள், "இந்த அன்ரி விஞ்ஞானியா?"

"ஓம்."

"எந்த யுனிவர்சிட்டி?"

பதில் சொல்லத் தொடங்கினேன். கிணறு என்றேன், பாத்தி என்றேன். இரண்டு சொல்லுமே அவளுக்குத் தெரியவில்லை. நிலத்தில் படுத்து, கம்பளத்தில் பென்சிலால் வாய்க்கால் கீறிக் காட்டினேன். கம்பளம் பாழ். ஆனால் அவள் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து, புதிய பாத்தியின் வாயைத் தன் விரலால் திறந்து, பிறகு பழையதை மூடினாள். தமிழில் "மூடு, மூடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு அதுவே ஒரு காப்புரிமை கிடைத்த மாதிரி இருந்தது.

ஐந்தாவது கிழமை பீற்றர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் பரவாயில்லை.

6

ஆறாவது கிழமை புதன்கிழமை, கொழும்பு முத்திரையோடு தடித்த உறை வந்தது. கந்தோர் வாசலிலேயே கிழித்தேன். படிவம் இருந்தது. கூட ஒரு கொப்பித்தாளில் இரண்டு பக்கக் கடிதம்.

"ஜெசிக்கு, நாங்க எல்லாரும் சுகம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நீ எழுதினதை ஃபாதர் முன்னாடி மூணு தரம் வாசிச்சேன். நான் சொன்னதுதான். ஆனா ஒண்ணு விட்டுட்ட. ரெண்டு பாத்தி வாயும் தொறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல ரெண்டுக்கும் தண்ணி மட்டம் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா இதுலேருந்து அதுக்குப் பாயும். அதையும் எழுது."

நான் வாசலில் நின்றபடியே கத்திவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். பழைய பாதையும் புதிய பாதையும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணத்தில் எங்கள் சிப் சில நேரம் சூடேறியது. காரணம் தெரியாமல் எல்லோரும் திண்டாடிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறக்கவேண்டும்! பீற்றரிடம் ஓடினேன். பின்னேரமே செய்து பார்த்தோம். சூடு இல்லை. சட்டத்தரணி அதை இரண்டாவது கோரிக்கையாக எழுதினார். அது முழுக்க முழுக்க தெய்வானையுடையது.

படிவத்தில் பெயர் தமிழிலும் இங்கிலிசிலும் அழகாக இருந்தது. முத்தையா தெய்வானை. கையெழுத்து இருந்தது. மூன்றாவது வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கண்டுபிடித்தவர் எந்த நாட்டின் பிரஜை என்று கேட்கிற வரி அது. கடிதத்தில் அதற்கும் பதில் இருந்தது.

"அந்த எடத்துல என்ன எழுதுறதுன்னு தெரியல. ஃபாதர் இலங்கைன்னு போடச் சொன்னாரு. பொய் எழுதப்போயி உன் வேலை கெட்டுட்டா? அதனால உள்ளதை எழுதிட்டேன்."

எந்த நாட்டுக்கும் இல்லை என்று எழுதியிருந்தாள்.

இத்தனைக்குப் பிறகு இதில் தட்டுப்பட்டுப் போகப்போகிறதே என்று நினைத்துக்கொண்டு அதைச் சட்டத்தரணியிடம் நீட்டினேன். கொழும்பிலும் இங்கேயும் எத்தனை யன்னலுக்கு முன்னால் ஒரு வரி வெறுமையாக இருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன்! அவர் வாசித்தார். தடித்த விதிப் புத்தகத்தை எடுத்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவர் அதை அப்படியே எழுதினால் போதும்.

"போதுமா?"

"போதும். இது சரியாக நிரப்பிய படிவம்."

அவருடைய அறையில் நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

"யாருடைய பெயர் முதலில்?" என்று அவர் கேட்டார். இந்தத் தொழிலில் முதல் பெயரைச் சொல்லித்தான் ஒரு கண்டுபிடிப்பை அழைப்பார்கள். நான் யோசிக்கவில்லை. இப்போது எங்கள் கந்தோரில் பீற்றர் உட்பட ஏழு பேர், நாக்குச் சுளுக்க, "டெய்வனை முறை" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிறார்கள்.

விண்ணப்பம் பதிவானதற்கான தாள் போன கிழமை வந்தது. இன்னும் காப்புரிமை கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு மூன்று வருடம் எடுக்கும். ஆனால் கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர், முதலாவது அவளுடையது. நான் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்கத்தான் இருந்தேன். அவள் கடிதத்தின் கடைசி வரி விடவில்லை.

"பேர் போட்ட தாள் வந்தா ஒரு கொப்பி அனுப்பு. அரசாங்கத்துல இருந்து வந்த தாளுல என் பேரு இதுவரைக்கும் இருந்ததில்ல. அதை வெச்சு அடையாள அட்டைக்கு எழுதலாமான்னு விதானையாரைக் கேக்கப்போறேன். பெரிய புள்ளைக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம்."

பத்துப் பிரதி எடுத்திருக்கிறேன். சட்டத்தரணி கேட்காமலே ஒவ்வொன்றிலும் தன் கந்தோர் முத்திரையைக் குத்தித் தந்தார்.

விதானையார் ஐயா, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வந்தால் தயவுசெய்து இதை வாசியுங்கோ. அந்தத் தாளில் உள்ள பெயர் உங்கள் முன்னால் நிற்கிறவளுடையதுதான். இருபத்துநாலு வருடமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். முந்தின தாள் கேட்டால் அவளிடம் இல்லை. ஆள் அடையாளம் காட்ட ஒருவர் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். எனக்கு அவளைத் தெரியும்.